கணவர் நினைவாக ஓர் அறக்கொடை: உயிலுக்கு முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன் அம்மா. நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கணவர் மதுரையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உயில் எழுதாமலேயே காலமாகிவிட்டார். அவர் இறந்து சில மாதங்களில் உங்கள் மாமியாரும் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அவர் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரு வீடும், அவர் பெயரில் இருந்து நாமினியாக உங்கள் கைக்கு வந்த வங்கி வைப்புகளும், உங்கள் நகைகளும் இருக்கின்றன. உங்கள் காலத்துக்குப் பிறகு இவையெல்லாம் அவர் பெயரில் ஒரு தர்மமாக நிற்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள். அதற்கு ட்ரஸ்ட் தொடங்குவதா, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எழுதுவதா, அவர் வேலை பார்த்த பள்ளிக்குக் கொடுப்பதா, கொழுந்தனாரும் நாத்தனாரும் தடுக்க முடியுமா என்பவை நீங்கள் கேட்ட கேள்விகள். ஆனால் உங்களை உறங்கவிடாத கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. நீங்களும் இல்லாத காலத்தில், யாரும் கேட்க ஆளில்லாத ஒரு காரியத்தை யார் நேர்மையாகச் செய்வார்கள் என்பதுதான் அது.

நான் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர். உயில், செட்டில்மெண்ட், அறக்கட்டளைத் தகராறு ஆகியவற்றோடு பல ஆண்டுகள் புழங்கியவன். ஆடிட்டர் இல்லை என்பதால் வரி விஷயத்தில் பொதுவானதை மட்டும் சொல்கிறேன். உங்கள் பத்திரங்களையும் நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறேன். பின்னால் படிப்பவர்களுக்காக ஒரு வரி: முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர்கள் நெருங்கிய உறவினர் இருக்கும்போது தர்மத்துக்கு உயில் எழுத 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு போட்டிருந்த தடையை உச்ச நீதிமன்றம் 2003-இல் செல்லாது என்று அறிவித்துவிட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி நீங்கள் கேட்காமல் கடந்துபோன இடத்துக்கு வருகிறேன். மாமியார் உங்கள் கணவருக்குப் பிறகுதான் இறந்தார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எல்லாமே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. உயில் இல்லாமல் இறக்கும் இந்து ஆணின் சொத்து, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். பிள்ளைகள் இல்லாவிட்டால் அந்த வகுப்பில் இரண்டே பேர்தான்: மனைவியும் தாயும். ஆக, உங்கள் கணவர் கண்மூடிய அந்த நிமிடத்திலேயே வீட்டில் பாதி உங்களுக்கும் பாதி மாமியாருக்கும் சேர்ந்துவிட்டது. மாமியார் இறந்தபோது அவருடைய பாதி அவருடைய மற்ற பிள்ளைகளுக்கு, அதாவது உங்கள் கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் போய்விட்டது. மருமகளான உங்களுக்கு அதில் பங்கு இல்லை. மாமியார் தம் பங்கை உங்கள் பெயருக்கு எழுதிவைத்திருந்தால் மட்டுமே கதை மாறும். வீட்டுவரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதும், மின் இணைப்பை மாற்றிக்கொண்டதும் இதை மாற்றாது.

வங்கி வைப்புக்கும் இதே கணக்குதான். நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ள உரிமை பெற்றவர். அந்தப் பணத்தின் உரிமையாளர் யார் என்பதை வாரிசுரிமைச் சட்டம்தான் முடிவுசெய்யும். ஆயுள் காப்பீட்டைப் பற்றி 1984-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பிறகு பங்குகள் விஷயத்திலும் அதே நிலையை 2023-இல் உறுதிசெய்தது. அதனால் கணவர் பெயரில் இருந்த வைப்புகளிலும் பாதிதான் சட்டப்படி உங்களுடையது. குடும்ப ஓய்வூதியம் முழுக்க உங்களுடையது. அதில் நீங்கள் சேர்த்த பணமும், உங்கள் நகையும், உங்கள் பெயரிலேயே வாங்கிய எதுவும் உங்கள் விருப்பத்துக்கு உட்பட்டவை.

எனவே உயில் எழுதும் முன் கொழுந்தனாரிடமும் நாத்தனாரிடமும் பேசுங்கள். அவர்கள் மனம் ஒப்பி, வீட்டில் தங்களுக்குள்ள பங்கை உங்களுக்கு விடுதலைப் பத்திரமாகப் பதிவுசெய்து கொடுத்தால் முழு வீட்டையும் நீங்கள் எழுதலாம். முத்திரைக் கட்டணச் சலுகை உறவைப் பொறுத்தது. அண்ணன் மனைவி என்ற உங்கள் உறவு சலுகைக்குள் வருகிறதா என்பதைப் பத்திரம் தயாரிப்பதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அவர்கள் ஒப்பாவிட்டால் உங்கள் பாதியை மட்டும் எழுதுங்கள். இரண்டும் கௌரவமான வழிகள்தான். ‘எங்கள் அண்ணன் பெயரில் தர்மம்’ என்றால் தம்பி மறுக்கமாட்டார் என்று நினைத்துக் கேட்காமலே முழு வீட்டையும் எழுதிவைப்பதுதான் ஆபத்து. நன்கொடை பெற்ற நிறுவனம் வீட்டை விற்கப் போகும்போது வாங்க வருகிறவரின் வக்கீல் வாரிசுச் சான்றிதழைக் கேட்பார். அதில் மாமியார் பெயர் இருக்கும். அங்கே நின்றுபோன வண்டி பல ஆண்டுகள் அப்படியே நிற்கும்.

சொந்தக்காரர்கள் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு இப்போது நேராகவே பதில் சொல்லலாம். உங்களுக்கு உரிய பங்கைப் பொறுத்தவரை முடியாது. கணவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு நீங்கள் முழு உரிமையாளர். யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். உங்கள் சொத்தில் கட்டாயப் பங்கு என்று கொழுந்தனார் கேட்க இந்துச் சட்டத்தில் வழியில்லை. ஆனால் உயில் எழுதாமல் விட்டுவிட்டால், கணவர் வழி வந்த சொத்து கணவருடைய வாரிசுகளுக்கே திரும்பும் என்று அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது உங்கள் விஷயத்தில் உயில் இல்லையென்றால் தர்மமும் இல்லை. அவர்களால் செய்யக்கூடியது ஒன்றுதான்: உயிலே பொய், அல்லது சுயபுத்தியில் எழுதவில்லை, அல்லது யாரோ வற்புறுத்தி எழுதவைத்தார்கள் என்று வழக்குப் போடுவது. அந்த வழக்கு நிற்காதபடி உயிலை எழுதுவதுதான் உங்கள் கையில் இருக்கும் காரியம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்திட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து, உங்கள் முன்னிலையில் அவர்களும் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் உங்கள் நிலையில் இருப்பவர்கள் பதிவுசெய்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. உடல் முடியாதவர்களுக்குச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவுசெய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மூரில் ஒரு பழக்கம் இருக்கிறது. மரியாதைக்குரிய பெரியவர்களாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். எண்பது வயதுப் பெரியவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டால், உயிலை நிரூபிக்க நீதிமன்றத்தில் யாரை நிறுத்துவது? உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியையாவது விசாரிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. உங்களைவிட இருபது முப்பது வயது இளையவர்களாக, இந்தக் கொடையால் எந்த லாபமும் இல்லாதவர்களாகப் பாருங்கள். அந்தப் பள்ளியின் தாளாளரோ நிறுவனத்தின் செயலாளரோ சாட்சி போடக் கூடாது. உயில் எழுதும் அறையில் அவர்கள் இருப்பதுகூட வேண்டாம். மதுரையில் உள்ள சொத்துக்கு இந்து ஒருவர் மதுரையில் எழுதும் உயிலுக்குப் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, கட்டாயம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருக்கும் உறவினர்கள் வேறு மாதிரி சொல்லிக் குழப்புவார்கள்.

இதுவரை சொன்னது சட்டம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே கொடுப்பது என்பதில் சட்டத்தைவிட அனுபவமே அதிகம் பேசும். அதில் நான் சொல்வதை ஒருவருடைய கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரஸ்ட் தொடங்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணவர் பெயரில் ஒரு ட்ரஸ்ட் பதிவுசெய்து பலகை மாட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ட்ரஸ்ட் பத்திரம் எழுதுவது ஒருநாள் வேலை. பிறகு தனி பான் எண், வருமான வரித் துறையில் பதிவு, அதைக் காலாகாலத்தில் புதுப்பித்தல், ஆண்டுக் கணக்கு, தணிக்கை, அறங்காவலர் கூட்டம் என்று அது ஒரு வீட்டுப் பிள்ளையைப் போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். உங்களுக்குப் பிறகு யார் அறங்காவலர்? அவருக்குப் பிறகு யார்? ஒரு வீடும் சில வைப்புகளும் உள்ள கொடைக்கு இவ்வளவு எந்திரம் தேவையில்லை. உங்கள் நோக்கத்தை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்து, அங்கே அவர் பெயரில் ஒரு தனி நிதியாக வைக்கச் சொல்வதே போதும்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே நடந்த ஒன்றைப் பாருங்கள். ஒத்தக்கடை அருகே உள்ள கொடிக்குளத்தைச் சேர்ந்த வங்கி ஊழியர் ஆயி என்கிற பூரணம் அம்மாள், இறந்துபோன தம் மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஊர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவதற்காக எழுதிக்கொடுத்தார். 2024 ஜனவரியில் செய்தி வெளியே தெரிந்து, குடியரசு தினத்தில் முதலமைச்சரின் சிறப்பு விருதும் கிடைத்தது. எல்லோரும் நிலத்தின் விலையைப் பற்றிப் பேசினார்கள். ஒரு வக்கீலாக நான் கவனித்தது வேறு. பள்ளி ஏற்கெனவே இருக்கிறது; இடம்தான் அதன் தேவை; பெறுவது அரசு; நோக்கம் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தார். சரியாக நடக்கிறதா என்று போய்ப் பார்க்க அவரே இருக்கிறார். எல்லோராலும் அவ்வளவு கொடுக்க முடியாது. ஆனால் கொடுத்த முறையிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது.

கோயிலைப் பற்றிக் கேட்டீர்கள். நீண்ட காலம் நிலைப்பதில் கோயிலுக்கு இணையான நிறுவனம் நம்மிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 90 ஆடுகளோ 96 ஆடுகளோ கொடுத்ததாகப் பழைய கல்வெட்டுகளில் வரும். அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதியிருப்பார்கள். மந்தை பெருகலாம், குறையக் கூடாது; நாள்தோறும் அளந்து கொடுக்க வேண்டிய நெய் வந்துகொண்டே இருக்க வேண்டும். இன்று கோயிலில் அன்னதானத்துக்கு ஒரு தொகையை வைப்பாகக் கட்டி, அதன் வட்டியில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாளில் அன்னமிடச் சொல்வது அதே ஏற்பாடுதான். அறநிலையத் துறைக் கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது. உங்கள் கணவரின் நினைவு நாளுக்கு இதைச் செய்ய வேண்டுமானால் உயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். கோயில் அலுவலகத்தில் இப்போதே கட்டிவிடலாம். நினைவு நாள் திதியா ஆங்கிலத் தேதியா என்பதை ரசீதிலேயே தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நாளில் வருவது அபூர்வம், பிறகு யாரும் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள். ஆனால் முழுச் சொத்தையும் கோயிலுக்கு எழுதுவதை நான் ஆதரிக்கமாட்டேன். உங்கள் கணவர் கணக்கு வாத்தியார். அவர் வாழ்க்கையோடு ஒட்டியது பள்ளிக்கூடம்.

அழகர் ஆற்றில் இறங்க வரும் வழி நெடுக மண்டகப்படிகள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் பல, யாரோ ஒருவர் எப்போதோ ஏற்படுத்திய கட்டளைகள், அதாவது ஒரு குறிப்பிட்ட கோயில் காரியத்துக்கென்று விட்ட கொடைகள். ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரக் கோலம் இன்றும் நடக்கிறது. தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுப்பது இன்றும் நடக்கிறது. இவையெல்லாம் பணத்தால் மட்டும் நின்றவை என்று நான் நினைக்கவில்லை. அழகர் வருகிறார், ஊர் கூடுகிறது, அந்த நாளில் நம் மண்டபம் இருட்டாக இருக்கக் கூடாது என்ற ரோஷம் உயிரோடு இருக்கும் சிலருக்கு இருக்கிறது. வங்கியில் பணம் இருந்தும் ஆள் இல்லாமல் செத்துப்போன கட்டளைகள் உண்டு.

பள்ளிக்கூடத்துப் பரிசு நிதிகள் சாகும் விதத்தைச் சொல்கிறேன், இதைத் தெரிந்துகொண்டால் தவிர்க்கலாம். ஒருவர் தந்தை நினைவாகப் பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவருக்குப் பரிசு என்று பள்ளி பெயரில் ஒரு வைப்பு போடுகிறார். தலைமையாசிரியர் கையெழுத்தில் கணக்கு. அவர் ஓய்வு பெறுகிறார், அடுத்தவர் மாற்றலாகிறார், மூன்றாவதாக வந்தவருக்கு அப்படி ஒரு ரசீது பீரோவில் இருப்பதே தெரியாது. பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வைப்பை வங்கி ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றிவிடும். உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும்தான். கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? பணம் திருடு போகவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. பரிசு மட்டும் நின்றுபோனது.

இது ஒருபுறம். மறுபுறம் விலைவாசி. 10 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டியில் வைத்தால் ஆண்டுக்கு 70,000 வரும். அதை முழுதும் உதவித்தொகையாகக் கொடுத்துக்கொண்டே போனால், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் பட்சத்தில், 12 ஆண்டில் அதே 70,000 பாதி வேலையைத்தான் செய்யும். ஒரு காலத்தில் ஒரு மாணவனின் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிய பரிசுகள் இன்று ஒரு நோட்டுப் புத்தகக் கட்டு வாங்கும் அளவுக்கு இளைத்துவிட்டதற்கு இதுதான் காரணம். ஓரளவு தடுக்க வேண்டுமானால் 40,000 மட்டும் செலவழித்து 30,000-ஐ மூலதனத்தோடு சேர்க்கச் சொல்லலாம். பத்தாண்டில் 10 லட்சம் 13 லட்சத்தைத் தாண்டும். விலைவாசியைத் துரத்திப் பிடிக்க முடியாவிட்டாலும் தேய்மானத்தின் வேகம் குறையும். வட்டி விகிதம் இப்படியே இருக்கும் என்பதற்கு மட்டும் யாரும் உறுதி கொடுக்க முடியாது.

இங்கே பெரும்பாலோர் யோசிக்காத ஒரு வழியை முன்வைக்கிறேன். தர்மம் என்றால் சூரியன் சந்திரன் உள்ளவரை என்றுதான் நம் மனம் போகிறது. ஏன் அப்படி இருக்க வேண்டும்? அதே 10 லட்சத்தை, 15 ஆண்டில் முழுதும் செலவழித்துத் தீர்த்துவிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தால், அதே 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 9 ஆயிரம் செலவழிக்கலாம். 40,000-த்தை வைத்து ஒரு மாணவருக்கு ஏதோ கொஞ்சம் கொடுப்பதற்கும், ஒரு லட்சத்தை வைத்து இரண்டு பிள்ளைகளைப் பாலிடெக்னிக்கிலோ கலைக் கல்லூரியிலோ முழுக்கப் படிக்க வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில்தான் உங்கள் கணவரிடம் படித்தவர்கள் அந்த ஊரில் இருப்பார்கள், அவரைத் தெரிந்த ஆசிரியர்கள் இருப்பார்கள். மேடையில் பெயர் வாசிக்கும்போது தலை நிமிர்ந்து பார்க்கிற ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். நிரந்தரம் வேண்டும் என்று நீங்கள் முடிவுசெய்தால் மறுக்கமாட்டேன். ஆனால் யோசித்து முடிவுசெய்யுங்கள், பழக்கத்தால் முடிவுசெய்யாதீர்கள்.

எந்த நிறுவனம் என்பதற்கு நான் பெயர் சொல்லப் போவதில்லை. எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறேன். இந்த ஆண்டே, கணவர் நினைவு நாளில், உங்களால் முடிந்த ஒரு சிறு தொகையை அந்த நோக்கத்துக்கென்று எழுதிக் கொடுங்கள். காசோலையாகக் கொடுங்கள். ரசீது எத்தனை நாளில் வருகிறது, அதில் நோக்கம் எழுதியிருக்கிறதா, ஆண்டு முடிவில் யாருக்குக் கொடுத்தோம் என்று கேட்காமலே சொல்கிறார்களா, கேட்டால் முகம் சுளிக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிச் செய்தாலே அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது தெரிந்துவிடும். தணிக்கை செய்த கணக்கைக் காட்டத் தயங்கும் இடத்துக்கு உயிலில் ஒரு ரூபாயும் எழுதாதீர்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது என்று மதுரையில் எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். எனவே சின்ன இடம் என்று எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. யார் நடத்துகிறார்கள், அவர்களுக்குப் பிறகு யார் என்பதைக் கேளுங்கள்.

வரியைப் பற்றி இரண்டு வார்த்தை. இப்போது நீங்கள் கொடுக்கும் தொகைக்கு 80ஜி என்று நாம் பழகிப்போன சலுகை வேண்டுமானால் நிறுவனத்துக்கு அந்த அங்கீகாரம் இருக்க வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது, நீங்கள் பழைய வரிமுறையில் இருக்க வேண்டும். உங்கள் வருமானத்தில் இது பெரிய தொகை ஆகாது. இதற்காக முடிவை வளைக்க வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் மகனும் பங்களிக்க விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். அவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனம்தான் அதை வாங்கலாம். பல நல்ல பள்ளிகளுக்கு அந்தப் பதிவு இருக்காது. அவர் பணத்தை உங்கள் பணத்தோடு கலக்காமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

உயிலின் வாசகத்துக்கு வருகிறேன், நான் பார்த்த தகராறுகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்கியது. ‘என் சொத்தைத் தர்மத்துக்கு எழுதிவைக்கிறேன்’ என்று மட்டும் எழுதினால் அது செல்லாது. எது தர்மம் என்று நீதிமன்றத்தால் வரையறுக்க முடியாது என்று அன்று நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1899-இலேயே சொல்லிவிட்டது. கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி என்று நோக்கத்தைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ‘ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும், தந்தையை இழந்த பையனுக்கு’ என்று இறுக்கிப் பிடித்து எழுதுவது. சில ஆண்டுகளில் அப்படி ஒரு பையன் இருக்கமாட்டான், பணம் சும்மா கிடக்கும். வைப்பு ரசீது எண்ணைப் போட்டு ‘இந்த வைப்பை இன்னாருக்கு’ என்று எழுதுவதையும் தவிருங்கள். அந்த ரசீதை நீங்கள் ஒருநாள் முடித்துவிட்டு வேறு வங்கியில் போட்டால், உயிலில் சொன்ன சொத்து இல்லாமல் போய், கொடையும் விழுந்துவிடும். தொகையாகவோ, மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்றோ எழுதுங்கள். பள்ளியின் பெயரை மட்டும் எழுதாமல், பள்ளியை நடத்தும் சங்கம் அல்லது அறக்கட்டளையின் பதிவுப் பெயர், பதிவு எண், பான் எண் ஆகியவற்றை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். பள்ளிக்கூடம் சட்டத்தின் கண்ணில் தனி நபர் இல்லை.

மாதிரிக்கு ஒன்று தருகிறேன், உங்கள் வக்கீல் திருத்திக்கொள்வார்: ‘என் காலத்துக்குப் பின், மேற்படி வீட்டில் எனக்குள்ள உரிமையை என் உயில் நிறைவேற்றுநர் விற்று, செலவு போக மீதித் தொகையில் பாதியை இன்ன பதிவு எண் கொண்ட இன்ன சங்கத்துக்கு, என் கணவர் பெயரில் தனி நிதியாக வைத்து, அச்சங்கம் நடத்தும் பள்ளியில் படித்த, பொருளாதாரத்தில் நலிந்த மாணவ மாணவியரின் மேற்படிப்புக்காக, பெற்ற நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் செலவழிக்கும்படி கொடுக்க வேண்டும். அச்சங்கம் செயல்படாமல் போனாலோ, ஏற்க மறுத்தாலோ, இந்நோக்கத்துக்கு மிக நெருங்கிய நோக்கம் கொண்ட மதுரை மாவட்டத்தில் உள்ள வேறொரு பதிவு பெற்ற கல்வி நிறுவனத்துக்கு நிறைவேற்றுநர் கொடுக்கலாம்.’ கடைசி வாக்கியத்தை யார் வேண்டாம் என்று சொன்னாலும் விடாதீர்கள். மீதிப் பாதிக்கும், உயிலில் பெயர் சொல்லாமல் விட்டுப்போன எல்லாவற்றுக்கும் யார் என்று ஒரு வரி தனியாக இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் அவை கணவர் வழி வாரிசுகளுக்குப் போகும். அப்படிப் போவதில் உங்களுக்குச் சம்மதம் என்றால் அதையும் எழுதிவிடலாம். கொழுந்தனார் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் எழுதிவைப்பதை நான் பெரும்பாலும் ஆதரிப்பேன். வழக்குக்கு அதைப்போல நல்ல மருந்து இல்லை.

இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன, நான் இருக்கும்வரை குடியிருக்கிறேன் என்று போட்டுக்கொண்டால் போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். சட்டப்படி செய்யலாம். உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். செட்டில்மெண்ட் பதிவானால் திரும்ப வாங்க முடியாது. நாளைக்கு மருத்துவச் செலவுக்கு வீட்டை விற்க வேண்டிய நிலை வந்தால் நிறுவனத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். உயிலை நீங்கள் கடைசி நாள்வரை மாற்றலாம், கிழித்துப் போடலாம். உங்கள் கணவரும் முதலில் உங்களைத்தான் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்.

கண் தானம் செய்ய விருப்பம் என்பதை உயிலில் எழுதப் போவதாகச் சொன்னீர்கள். அங்கே எழுதிப் பயனில்லை. கண்களை இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உயிலைப் பிரிப்பதோ காரியமெல்லாம் முடிந்த பிறகு. பக்கத்து வீட்டாரிடமும் கொழுந்தனாரிடமும் சொல்லி, கண் வங்கியின் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நிறைவேற்றுநராக உங்களைவிட இளைய, மதுரையிலேயே இருக்கக்கூடிய, பணத்தில் கை சுத்தமான ஒருவரைப் போடுங்கள். அவருடைய சிரமத்துக்கு ஒரு தொகையையும் உயிலிலேயே எழுதிவிடுங்கள். இலவசமாகச் செய்யச் சொன்னால் வேலை தள்ளிப்போகும். அவருக்கு மாற்றாக இரண்டாவது பெயர் ஒன்றும் வேண்டும். அசல் உயில் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். வங்கி லாக்கரில் வைத்துப் பூட்டினால், அதைத் திறப்பதற்கே அந்த உயில் தேவைப்படும். நகல் ஒன்றைப் பெறப்போகும் நிறுவனத்துக்குக் கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். சோதித்துப் பார்க்கும் ஆண்டுகள் முடியும்வரை கொடுக்காமல் இருப்பது நல்லது என்பேன். வேலைகளின் வரிசை இதுதான்: தாலுகா அலுவலகத்தில் கணவருக்கும் மாமியாருக்கும் தனித்தனி வாரிசுச் சான்றிதழ், வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ், கொழுந்தனார் நாத்தனாரோடு பேச்சு, அவர்கள் சம்மதித்தால் விடுதலைப் பத்திரம், பிறகு உயில். மாமியார் ஏதாவது எழுதிவைத்திருக்கிறாரா என்று அவருடைய பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். அது இருந்தால் நான் மேலே சொன்ன பாதிக் கணக்கு மாறும்.